செவலைக்குச் செய்யாத ஆபரேஷன்

போன ஞாயிற்றுக்கிழமை நம் நகர் சங்கக் கூட்டத்தில் நாய் விஷயம் வந்ததும் நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் "பாவம்" என்றீர்கள். நாய் வளர்க்கிற வீட்டார் கட்டாயமாக அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று தலைவர் படித்த தீர்மானம் அந்த ஒரு சொல்லோடு படுத்துவிட்டது. பிறகு டீ வந்தது, பிஸ்கட் வந்தது, மூட்டுவலியைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுதிருப்பேன். நம் வயதில் பொது இடத்தில் அழுதால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஆளுக்கொரு சாக்லேட்டை வாயில் திணிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் 'பாவம்' எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி தினமும் புழங்கிய சொல் அது. அது என்ன செய்யும் என்று கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான்.

நாம் இப்போது வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேங்கிக்கால் அப்போது ஏரியும் கழனியுமாகக் கிடந்தது. எங்கள் வீடு ஊருக்குள், அண்ணாமலையார் கோயில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பா குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். சிவப்பு முக்கோணம் போட்ட ஜீப்பில் கிராமம் கிராமமாகப் போய், பிள்ளை போதும் என்பவர்களையும் போதாது என்பவர்களையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து முகாமுக்கு அழைத்து வருவது அவர் வேலை. எமர்ஜென்சி சமயத்தில் அந்த ஜீப் சத்தம் கேட்டாலே ஆண்கள் சோளக்கொல்லைக்குள் ஓடி ஒளிந்தார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அவருடைய தோல்பையில் சுருட்டி வைத்த படங்கள் இருக்கும். பெண்ணின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் ரோஸ் கலரில் போட்ட படம் ஒன்று. அதைப் பூ என்று நினைத்து டிராயிங் வகுப்பில் வரைந்துவிட்டு டீச்சரிடம் ஸ்கேலால் வாங்கியிருக்கிறேன். அந்தப் பையும் படங்களும் எப்போது வீட்டைவிட்டுப் போயின என்று தெரியவில்லை.

எமர்ஜென்சி முடிந்தது. ஆட்சி மாறியது, அப்பாவின் பிரிவுக்குப் பெயரும் மாறியது. ஜீப் மட்டும் அதே ஜீப். ஊர் எதையும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் அக்கா.

அக்கா என்னைவிட ரொம்பப் பெரியவள். போளூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நான் சொல்லப்போகிற வருடம், ஆடியில் சீர் வைத்து அழைத்து வந்தவளை மாமியார் வீட்டில் "மூணு மண்டலம் மலைய சுத்திட்டு வரட்டும், அவசரம் இல்ல" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அவசரம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். இரண்டாவது பெண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தெருக்குழாயில் ஒருநாள் எதிர்வீட்டு அத்தை குடத்தை நிமிர்த்திக்கொண்டே அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. ஊர்ல எத்தினி பேரு வயித்த மூடினாரு உங்க வூட்டுக்காரரு. அதெல்லாம் சும்மா பூடுமா? பொண்ணு வயித்துல வந்து நிக்குது."

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா மாலையில் வந்ததும் அதை அப்படியே ஒப்பித்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "உத்தியோகம். நானா ஆசப்பட்டு பண்ணேன்?" என்றார். ஆனால் அன்றைக்கே அவரும் அதை நம்பிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஜீப்பைப் பற்றிச் சிரித்துப் பேசி நான் கேட்டதில்லை.

செவலை எங்கள் வீட்டு நாய். இப்படி நான் இப்போது எழுதுகிறேன். அப்போது யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பால் வாங்கப் போன என் பின்னாலேயே குட்டியாக ஓடிவந்து, அப்படியே தங்கிவிட்டவள். துருப்பிடித்த தகரத்தின் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடிந்திருக்கும். நசுங்கிய அலுமினியத் தட்டில் பழையதும் குழம்புமாகப் போடுவோம். திருடன் பயம் என்று பேச்சு வந்தால் "எங்க செவல இருக்கா, எவன் வருவான்?" என்பார் அப்பா. சைக்கிளில் போன யாரையாவது துரத்தி அவர் வாசலில் வந்து சண்டைக்கு நின்றால், அதே அப்பா "எங்க நாய் இல்லீங்க அது. ஏதோ சோறு வெக்கறோம், கெடக்குது" என்பார். கழுத்தில் ஒரு பட்டை கிடையாது. நகராட்சியில் நாய்க்கு வாங்கவேண்டிய பித்தளை வில்லையும் வாங்கியதில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் சந்து முழுக்கக் கடுவன் நாய்கள் வந்து நிற்கும். குரைப்பும் கடிபிடி சண்டையுமாக இருக்கும். பெண்பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு அம்மா சொம்புத் தண்ணீரை வீசி விரட்டுவாள். பிறகு கொஞ்ச நாளில் செவலைக்கு வயிறு இறங்கும். கொல்லையில் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் பள்ளம் பறித்துக் குட்டி போட்டுவிடுவாள். அந்தக் குட்டிகளின் வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. புளித்த பாலும் ஈரச் சாக்கும் கலந்த வாசம். கண் திறக்காத குட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டால் அதன் வயிறு சுடச்சுட இருக்கும்.

அந்த ஆடியிலும் போட்டிருந்தாள். மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு இளம் டாக்டர் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். ஒரு கிராமத்து முகாமில் அப்பாவுக்குப் பழக்கமாகி, காபி குடிக்க வீட்டுக்கு வருவார். கொல்லைப்பக்கம் கை கழுவப் போனவர் செவலையைப் பார்த்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். விலா எலும்பெல்லாம் தெரிய, மடி தரையில் இழுபட, குட்டிகளுக்கு நடுவில் கண்ணை மூடிக் கிடந்தாள் அவள்.

"இது உங்க நாயா சார்?" என்றார்.

"எங்களுதுன்னு இல்ல. இங்கியே இருக்குது" என்றார் அப்பா.

"வருஷத்துக்கு ரெண்டு ஈத்துன்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? குட்டிங்க பால் மறந்ததும் கூட்டிட்டு வாங்க சார். ஆபரேஷன் பண்ணிடறேன். அப்படியே வெறிநாய் ஊசியும் போட்டுடலாம். உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களே அந்த டிபார்ட்மெண்ட்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் பண்ணதே போதும் டாக்டர். வாயில்லா ஜீவன வேற அறுக்கணுமா?"

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். ஆண்கள் பேச்சில் அவள் குறுக்கிடுவது அபூர்வம். "வேணாங்க. வூட்ல ஒருத்தி புள்ளைக்கு ஏங்கினு கீறப்ப, அதே வூட்டுல ஒரு வயித்த அறுத்தா நல்லதா? பைரவரு வாகனம் அது. பாவங்க."

"சரிம்மா. இந்தக் குட்டிங்கள என்ன பண்ணுவீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். கடைசியில் அம்மாதான், "மலை பாத்துக்கும்" என்றாள்.

மலை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறேன். குட்டிகள் சோறு தின்னப் பழகியதும், கேட்டவர்களுக்கு ஆண் குட்டிகளைக் கொடுத்துவிடுவோம். பொட்டைக் குட்டிகளை யாரும் கேட்க மாட்டார்கள். அவற்றைச் சாக்கில் போட்டு, அப்பா சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, செங்கம் ரோடு தாண்டி மலை சுற்றும் பாதையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அங்கே சாமியார்களுக்கு அன்னதானம் நடக்கும், அவர்கள் ஒரு வாய் போடுவார்கள், அண்ணாமலையார் காலடியில் கிடந்தால் புண்ணியம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊரில் பாதி வீடுகளில் இதே வழக்கம்தான். பூனைக்குட்டியும், கிழட்டு நாயும், கண் தெரியாத மாடும் அந்தப் பாதைக்குத்தான் போகும். பெற்றெடுக்க வைப்பது நாம், பிழைக்க வைப்பது மலை. திரும்பி வந்ததும் அப்பா கால் கழுவிவிட்டு விபூதி பூசிக்கொள்வார். குட்டியை விட்டுவிட்டு வந்த ஆள் என்று பார்த்தால் தெரியாது, கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருப்பார்.

அக்கா விடியற்காலையில் மலை சுற்றப் போவாள். அப்போது இப்போது மாதிரி கூட்டமும் விளக்கும் கடைகளும் கிடையாது. மண் பாதை, இரண்டு பக்கமும் புளியமரம், மழை பெய்திருந்தால் சரிவிலிருந்து எலுமிச்சம்புல் வாசம் இறங்கி வரும். ஈரப்புடவையோடு, செருப்பில்லாமல், ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று கும்பிட்டுக்கொண்டு போவாள். பிள்ளை பிறந்தால் தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டில் கட்டி மாடவீதி சுற்றிவருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். என்னை இழுத்தது பக்தி இல்லை, திரும்பி வரும்போது அவள் வாங்கித் தரும் இட்டிலி.

ஆவணியில் அப்படிப் போனபோதுதான் குட்டிகளைப் பார்த்தோம். அப்பா கொண்டுபோய் விட்டதில் இரண்டு மட்டும் மிச்சமிருந்தன. ஒன்று சொறி பிடித்து வரிசையாக எலும்பு தெரிந்தது. இன்னொன்று கறுப்பு. முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. அக்கா கொல்லையிலேயே அதற்கு "சாக்ஸுக்காரி" என்று பெயர் வைத்திருந்தாள். அவளைக் கண்டதும் அது உடம்பே வாலாக ஓடி வந்தது. அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்மள தெரியுது பாருடி இதுக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தினி பொறக்குது பாரு. வேண்டாத எடத்துல கொட்டிக் கொடுக்குறாரு சாமி."

அன்றிலிருந்து மடியில் பொரி கட்டிக்கொண்டுதான் போவாள். சொறிக்குட்டி சீக்கிரமே காணாமல் போயிற்று. சாக்ஸுக்காரி வளர்ந்தாள். தினமும் ஒரே புளியமரத்தடியில் காத்திருப்பாள், கொஞ்ச தூரம் கூடவே வந்து நின்றுவிடுவாள். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். "அம்மா ஒத்துக்க மாட்டாங்கடி, பொட்ட குட்டி" என்றாள் அக்கா.

ஐப்பசி கடைசியில் அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிற்று. வீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. சந்தோஷம் என்று வெளியில் காட்டிக்கொள்ளவும் கூடாது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அப்பாவிடம்கூட அப்போது சொல்லவில்லை. அக்கா வீட்டுக்காரர் போளூர் மாமா வழக்கம்போல் சனிக்கிழமை வந்தபோது அவரிடம் மட்டும் அக்கா சொன்னாள். அவர் உடனே எழுந்து கொல்லைக்குப் போய், ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

மண்டலத்தை நடுவில் விடக்கூடாது என்று அக்கா மலை சுற்றுவதை நிறுத்தவில்லை. மெதுவாக நடப்பாள். தீபத்துக்குக் கொடியேறப் போகிற வாரம். ஒரு ஞாயிறு காலை சாக்ஸுக்காரி புளியமரத்தடியில் படுத்திருந்தாள், எழுந்து வரவில்லை. பொரியை முகத்துக்கு முன்னால் போட்டும் தின்னவில்லை. வாய் மூடாமல் தொங்கியது, எச்சில் கயிறு மாதிரி வழிந்தது. ஏதோ விழுங்கப் பார்க்கிற மாதிரி கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தாள். சத்தமே வரவில்லை.

"எலும்பு சிக்கிக்கிச்சுடி தொண்டையில" என்றாள் அக்கா.

தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் கையை விட்டுத் துழாவினாள். குட்டி உறுமவில்லை, கடிக்கவில்லை. தாடையை ஒரு தடவை இறுக்கியது, அவ்வளவுதான். அக்கா கையை இழுத்தபோது விரல்களில் பல் கீறி ரத்தம் கோடாக நின்றது. "ஒண்ணும் இல்லையே உள்ள" என்று ஆச்சரியப்பட்டாள். புடவையில் துடைத்துக்கொண்டு, குட்டிக்குத் தண்ணீர் எடுத்து வரலாம் என்று தேடினாள். திரும்புவதற்குள் அது தள்ளாடிக்கொண்டே புதருக்குள் போய்விட்டது.

சாயங்காலம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். அக்காவின் விரலில் மஞ்சளைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நான்தான் கதையாகச் சொன்னேன். பாதியிலேயே அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"வாய் தொங்கிச்சா? எச்சில் ஒழுகிச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். "சார், அது எலும்பு இல்ல. வெறி புடிச்ச நாயில ஒரு வகை அப்படித்தான் இருக்கும். கடிக்கவே கடிக்காது. சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க. நாளைக்குக் காலையிலயே பெரியாஸ்பத்திரியில ஊசி ஆரம்பிச்சுடுங்க. பதினாலு ஊசி, ஒண்ணு விடக்கூடாது. அந்த நாயையும் தேடிப் பாருங்க. பத்து நாள் உயிரோட இருந்துச்சுன்னா எனக்கு நிம்மதி."

மறுநாள் விடியலில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பாதையில் ஒரு நாயும் இல்லை. திருவிழாவுக்கு லட்சம் பேர் வருவார்கள் என்று நகராட்சியின் நாய் வண்டி வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிருந்தது. எதை எங்கே புதைத்தார்கள் என்று வண்டிக்காரர்களைக் கேட்டதற்குச் சிரித்தார்களாம். அதே வண்டி பத்து மணிக்கு எங்கள் சந்துக்குள்ளும் வந்தது. கம்பிச் சுருக்கோடு ஒருவன் செவலையை மடக்கிவிட்டான். "யாரு நாய்ங்க இது?" என்று கத்தினான். அம்மா வாசலில் நின்றாள், எதிர்வீட்டு அத்தை நின்றாள், யாரும் பேசவில்லை. அக்கா உள்ளிருந்து ஓடிவந்து செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க நாய்தான். விடுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். செவலை அதனால் பிழைத்தாள். அதற்கப்புறமும் சில வருடங்கள் இருந்து, போட்டுக்கொண்டே இருந்து, ஒரு சித்திரை வெயிலில் குட்டி பாதி வெளியே வந்த நிலையில் விறகுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தாள். அதுவரைக்கும் யாரும் ஆபரேஷன் செய்யவில்லை. பாவம் பார்த்தோம் அல்லவா.

நாய் வண்டி வந்த அன்று மத்தியானம் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார். அப்போதுதான் அம்மா அவரிடம் அக்கா முழுகாமல் இருப்பதைச் சொன்னாள். அவர் வாயைத் திறந்தபடி அக்காவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சுவரில் சாய்ந்தார்.

"தொப்புள சுத்திப் போடுவாங்களாம் பதினாலு ஊசியும்" என்றாள் அம்மா. "இம்மாம் பெரிய ஊசி. வயித்துல பூ மாதிரி இருக்குது. அது தாங்குமா?"

"வேணாம்பா" என்றாள் அக்கா. "செத்தாலும் சரி, வயித்துல மட்டும் ஊசி வேணாம்."

"வாயில நல்ல வார்த்த வராதாடி?" என்று அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

 பெரியாஸ்பத்திரியில் எல்லோரும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். ஒரு டாக்டரிடம், ஒரு நர்ஸிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பெண் உண்டாகியிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியும், ஊர்க்கண் படும். முந்தின நாள் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் அம்மா சொல்லாததும் அதனால்தான். யோசித்து யோசித்து அப்பா கடைசியில் ஒன்று சொன்னார். அதை நான் இன்றுவரைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன்.

"அது இன்னா தெருநாயா? நம்ம வூட்ல பொறந்த குட்டி. நம்ம செவல குட்டி. அதுக்கு எப்டி வெறி புடிக்கும்?"

சாக்கில் கட்டிக்கொண்டுபோய் விட்டபோது அது மலையின் குட்டி. பல் பட்டபோது எங்கள் வீட்டுக் குட்டி ஆகிவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது. மனசு ஆறுவதற்குச் செங்கம் ரோட்டுப் பக்கம் பச்சிலை கொடுக்கும் ஒருவரிடம் கூட்டிப் போனாள். உப்பில்லாப் பத்தியம் இருந்தாள் அக்கா. அடுத்த வாரம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, ஊசி போடுகிறீர்கள் அல்லவா என்று கேட்டார். அப்பா போடுவதாகச் சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் அந்த டாக்டருக்கு எங்கேயோ மாற்றலாகிவிட்டது.

விரல் ஆறிவிட்டது. மலை மேல் தீபம் எரிந்தது, தெருவெல்லாம் நெய் வாசம். மார்கழி போனது. மூன்று மாதம் தாண்டியதும் அம்மா எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பாயசம் கொடுத்து, விஷயத்தைச் சொன்னாள். அத்தை அக்காவுக்குத் திருஷ்டி கழித்தாள். போளூரிலிருந்து மாமியாரே கூடை நிறையப் பழத்தோடு வந்தாள். அக்கா மாங்காய் கேட்டாள், சாம்பல் வாசனையாக இருக்கிறது என்று அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள், கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு மஞ்சள் நூலில் ஒரு குல்லா பின்னினாள். அந்த ஒரு மாதம் எங்கள் வீடு வீடாக இருந்தது.

மாசியில் ஒருநாள் விரலைச் சொறிந்துகொண்டே இருந்தாள். எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அப்புறம் காய்ச்சல். மசக்கைக் காய்ச்சல் என்றாள் அம்மா. அடுத்த நாள் காலையில் நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். ஆசையாக வாங்கினாள். உதட்டருகே போனதும் தொண்டை இழுத்துக்கொண்டது, சொம்பு எகிறி விழுந்தது. அக்கா பயந்து என்னைப் பார்த்தாள். பிறகு விழுந்த தண்ணீரைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்பா பக்கத்து அறையிலிருந்து வந்து இதைப் பார்த்தார். அவர் அந்தத் துறையில் இருந்தவர். அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. 

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் படிப்பறிவு கம்மி, இப்போது அப்படியா என்று சொல்வீர்கள். போன ஞாயிறு "பாவம்" என்று சொன்னவர்களில் ரிட்டயர்டு தலைமையாசிரியர் உண்டு, என்ஜினியர் உண்டு. நம் நகரின் கடைசி மனையில் போன மாதம் யாரோ அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போனார்கள். பெட்டியின் மேல் ஒரு புதுத் துண்டு போர்த்தியிருந்தது. நம்மில் ஒருவர்தான். துண்டு போர்த்தத் தெரிந்த அந்தக் கைக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகத் தெரியவில்லை. கட்டாயம் என்று சட்டம் போட்டால்தான் நமக்குப் புத்தி வரும். நமக்கு இரக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரக்கம் ஜாஸ்தியாகத்தான் இருக்கிறது. எந்த இடத்தில் இரங்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அக்காவை ஒரு ஓரத்துத் தனி அறையில் வைத்தார்கள். கம்பி போட்ட ஜன்னல். காற்று பட்டால் உடம்பு தூக்கிப் போட்டது, அதனால் ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். நடுநடுவே தெளிந்துவிடும். தெளிந்த நேரத்தில் எங்கள் அக்காவாகவே இருப்பாள், என்னைக் கிட்டே வராதே என்பாள், சாப்பிட்டாயா என்பாள். அம்மா வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா வெளியே மரத்தடியில் இருந்தார், உள்ளே வரக் கால் வரவில்லை அவருக்கு.

பெரிய டாக்டர் வந்தார். அறை வாசலிலேயே அப்பாவை நிறுத்திக் கேட்டார்.

"நீங்க நம்ம டிபார்ட்மெண்ட் ஆளுதானேய்யா? ஏன் ஊசி போடல?"

"முழுகாம இருந்துச்சுங்க" என்றார் அப்பா. "வயித்துல போட்ற ஊசி. கொழந்தைக்கு ஆவாதுன்னு..."

"யாரு சொன்னது உங்களுக்கு? அது தோலுக்கு அடியில போற ஊசி. கர்ப்பப்பை பக்கமே போவாது. மாசமா இருக்கற பொம்பளைக்கும் போட்டுத்தான் ஆவணும். கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிருக்காது." அவர் குரல் உயர்ந்தது, உடனே இறங்கிவிட்டது. "ஒரு வார்த்த வந்து என்னைக் கேட்டிருக்கக் கூடாதாய்யா?"

 டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. தெளிவாக இருந்தது.

"அப்பா."

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"டாக்டரு சொன்னது நெசமாப்பா? ஊசி போட்டிருந்தாலும் கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிருக்காதா?"

எத்தனையோ கிராமத்தில், எத்தனையோ வாசலில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகியவர் எங்கள் அப்பா.

"இல்லம்மா. அவருக்குத் தெரியாது" என்றார். "நான் எத்தினி கேஸ் பாத்திருக்கறேன். ஊசி போட்டிருந்தா கொழந்த தங்கியிருக்காது. நீ சொன்னதுதாம்மா சரி."

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சரிப்பா" என்றாள்.